யூனிக்ஸ் வரலாறு – 6: ஓர் இரவும் எட்டு ஆண்டுகளும்

பெல் ஆய்வகம் 1969-இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியதையும், அதிகம் பேர் தொடாத ஒரு பிடிபி-7 கணினியில் கென் தாம்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதியதையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அமைப்பு உலகுக்குத் தந்தவற்றுள் தலையாயது என்று நான் கருதும் ஒன்றின் பிறப்பை இந்த இதழில் பார்ப்போம். ஒரு நிரல் தரும் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அப்படியே உள்ளீடாகக் கொடுக்கும் வசதி அது. கட்டளை வரியில் | என்று ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். பைப் என்பது அதன் பெயர்.

தாம்சன் இதை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று யூனிக்ஸ் வட்டாரத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரவுக்குப் பின்னால் ஒருவரின் எட்டு ஆண்டுக் காத்திருப்பும், அதற்கு முன்பே முடிந்திருந்த அடித்தள வேலையும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இரவை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறுதான்.

1964: ஒரு குறிப்பு

டக்லஸ் மெக்கில்ராய் கணிதம் படித்தவர். எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்று, நியூஜெர்சி மாநிலம் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் பணியாற்றினார். பிற்காலத்தில் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் வேலை பார்த்த துறைக்கு அவரே தலைவர். 1964 அக்டோபர் 11 என்று தேதியிட்ட ஓர் உள்குறிப்பில் அவர் தம் மனத்தில் இருந்ததை எழுதி வைத்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் தேவைக்கேற்ப இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பது போல, நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும்; தரவை வேறு விதமாகக் கையாள வேண்டுமானால் இன்னொரு துண்டைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்துக் கணினியில் இது எவ்வளவு தொலைவான ஆசை என்பதை நாம் உணர வேண்டும். அதே 1964-இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதன் இயங்குதளத்தில் ஒரு வேலையை ஓட்ட, ஜேசிஎல் எனும் கட்டுப்பாட்டு மொழியில் அட்டை அட்டையாக எழுத வேண்டும். முதல் நிரலின் வெளியீடு எந்தத் தட்டில், எந்தப் பெயரில், எவ்வளவு இடத்தில் சேர வேண்டும், வேலை முடிந்ததும் அதை வைத்திருப்பதா அழிப்பதா என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அடுத்த நிரல் அதே கோப்பைத் திறந்து படிக்கும். இரண்டு நிரல்களைச் சேர்ப்பது ஒரு நிர்வாகக் காரியமாக இருந்தது.

மெக்கில்ராய் தம் எண்ணத்தை விடவில்லை. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில், மென்பொருளையும் தொழிற்சாலைப் பாகங்கள் போல வகைவகையாகச் செய்து, எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படி வைக்க வேண்டும் என்று வாதிட்டார். இணைப்பது குறித்து 1964-இல் எழுதியவர், இணைக்க வேண்டிய துண்டுகள் குறித்து 1968-இல் பேசினார். இரண்டுக்கும் இடம் தரும் ஓர் இயங்குதளம் மட்டும் அப்போது அவரிடம் இல்லை.

அடித்தளம்: > என்ற குறி

அந்த இயங்குதளம் யூனிக்ஸாக வந்தது. ஆனால் முதலில் வந்தது பைப் அல்ல, திசைதிருப்பல். ஒரு நிரல் முனையத்தில் அச்சிட வேண்டியதை ஒரு கோப்புக்குள் அனுப்ப > என்ற குறி. விசைப்பலகையிலிருந்து படிக்க வேண்டியதைக் கோப்பிலிருந்து படிக்க < என்ற குறி.

இந்தச் சிந்தனைக்கு மூலம் மல்டிக்ஸ் என்று ரிச்சி 1979-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். மல்டிக்ஸில் இதைச் செய்ய மூன்று கட்டளைகள் தேவைப்பட்டன. வெளியீட்டைக் கோப்புக்கு மாற்ற ஒன்று, கோப்புப் பட்டியலைக் கேட்க ஒன்று, வெளியீட்டை மீண்டும் முனையத்துக்கே கொண்டுவர இன்னொன்று. யூனிக்ஸில் அது ஒரே வரி: எல்எஸ் என்ற கட்டளையை எழுதி, பக்கத்தில் > போட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. மல்டிக்ஸ் பல குழுக்கள் பங்கிட்டுக் கட்டிய பெரிய அமைப்பு. யூனிக்ஸில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லும் உள்ளீட்டு வெளியீட்டுப் பகுதியும் தாம்சன் ஒருவரின் கையில் இருந்தன. யோசனை தெளிவானதும் ஒரு மணி நேர அளவிலான வேலையில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

அது எப்படி அவ்வளவு எளிதாக முடிந்தது? ஒவ்வொரு நிரலுக்கும் அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் வெறும் எண்களாகவே தெரியும். 0 என்பது உள்ளீடு, 1 என்பது வெளியீடு. நிரல் 1-இல் எழுதுகிறது. அந்த 1 முனையமா, கோப்பா, அச்சுப்பொறியா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஷெல் ஒரு கட்டளையை ஓட்டும்போது ஃபோர்க் என்ற அழைப்பின் மூலம் முதலில் தன்னைப் போலவே ஒரு சேய்ச் செயலை உண்டாக்கும். பிறகுதான் அந்தச் சேய், எக்ஸெக் என்ற அழைப்பின் மூலம் புதிய நிரலாக மாறும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் சேய் 1-ஐ மூடிவிட்டுக் கோப்பைத் திறந்தால், இயங்குதளத்தின் கருவான கெர்னல், காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கொடுக்கும். அது 1-தான். அவ்வளவே. புதிய நிரல் ஓடத் தொடங்கும்போது அதன் வெளியீடு ஏற்கெனவே கோப்போடு பிணைந்திருக்கும்.

வேலையைச் செய்வது ஷெல், நிரல் அல்ல என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றும் புதியவர்கள் ஒரு கோப்பைச் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி, > போட்டு அதே கோப்பிலேயே சேமிக்கப் பார்ப்பார்கள். கோப்பு வெறுமையாகிவிடும். சார்ட் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பை எழுதுவதற்காகத் திறந்து, உள்ளே இருந்ததைத் துடைத்துவிடுகிறது. சார்ட் படிக்க வரும்போது அங்கே எதுவும் இருப்பதில்லை.

முதல் வடிவத்தில் ஒரு பெரிய பிழையும் இருந்தது. ஒரு கோப்பில் எல்எஸ், ஹூ என இரு கட்டளைகளை எழுதி, அந்தக் கோப்பை ஷெல்லிடம் கொடுத்து, மொத்த வெளியீட்டையும் > மூலம் இன்னொரு கோப்புக்குத் திருப்பினால், இரண்டாவது கட்டளை முதலாவது எழுதியதன் மேலேயே எழுதி அதை அழித்துவிடும். கோப்பில் எதுவரை எழுதியாயிற்று என்ற குறிப்பை ஒவ்வொரு செயலும் தனித்தனியே வைத்திருந்ததுதான் காரணம். முதல் சேய் எழுதி முடித்துப் போய்விடும். தாய் ஷெல் எதையும் எழுதாததால் அதன் குறிப்பு பூஜ்யத்திலேயே நிற்கும். இரண்டாவது சேய் அந்தப் பூஜ்யத்தை வாங்கிக்கொண்டு தொடங்கும். இதைத் தீர்க்க, திறந்த கோப்புகளின் இடக்குறிப்புகளை எந்தச் செயலுக்கும் சொந்தமாக்காமல் பொதுவில் வைக்கும் ஓர் அட்டவணையைக் கெர்னலுக்குள் புதிதாகச் சேர்த்தார்கள். லினக்ஸ் உள்ளிட்ட இன்றைய அமைப்புகளிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. பல நிரல்கள் ஒரே வெளியீட்டில் மாறி மாறி எழுத இதுவே வழி செய்தது.

கரும்பலகையும் விடாப்பிடியும்

இந்தச் சூழலில்தான் மெக்கில்ராய் மறுபடியும் வந்தார். ஒரு நாள் பிற்பகலில் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கட்டளைகளைக் கணிதத்தின் கூட்டல், கழித்தல் குறிகள் போல நினையுங்கள் என்றார். இடப்பக்கம் உள்ளீடு, வலப்பக்கம் வெளியீடு, நடுவில் கட்டளை; இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்டவர்களுக்கு ஆர்வம் வந்தது. ஆனால் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. கட்டளையை முதலில் எழுதியே பழகியவர்களுக்கு அந்த முறை அந்நியமாக இருந்தது. கட்டளைக்கான விருப்பக்குறிகளையும் கோப்புப் பெயர்களையும் எப்படிப் பிரித்தறிவது என்பதும் தெளிவாகவில்லை. அன்று தங்களுக்குக் கற்பனை போதவில்லை என்றே ரிச்சி பின்னாளில் அந்தத் தயக்கத்தை மதிப்பிட்டார்.

மெக்கில்ராய் துறைத் தலைவர். உத்தரவாகவே சொல்லியிருக்கலாம். 1970 முதல் 1972 வரை அவ்வப்போது நினைவூட்டினார், புதுப்புது எழுத்துமுறைகளைக் கொண்டுவந்து காட்டினார், வற்புறுத்தினார், உத்தரவு மட்டும் போடவில்லை. ஒரு நாள் அவர் கொண்டுவந்த முறையைப் பார்த்த தாம்சன், செய்துவிடுகிறேன் என்றார்.

அன்றிரவே பைப் என்ற கெர்னல் அழைப்பை எழுதினார். ஷெல்லில் அதற்கு இடம் செய்தார். பக்கம் பிரிக்கும் பிஆர் போன்ற சில பயன்பாட்டு நிரல்களையும் பைப்பில் பொருந்தும்படி திருத்தினார். மறுநாள் காலை ஆய்வகத்தில் ஆளாளுக்கு ஒற்றை வரிக் கட்டளைகளை எழுதிப் பார்த்துக் கொண்டாடியதை மெக்கில்ராய் பின்னர் பதிவுசெய்திருக்கிறார். இது நடந்தது 1972 என்கிறார் ரிச்சி. 1973 பிப்ரவரியில் வெளியான யூனிக்ஸ் மூன்றாம் பதிப்புக் கையேட்டில் இந்த அழைப்புக்குரிய பக்கம் 1973 ஜனவரி 15 என்று தேதியிடப்பட்டுள்ளது.

கெர்னலுக்குள் நடப்பது எளிமையானது. பைப் அழைப்பு இரண்டு எண்களைத் தரும்: ஒன்றில் எழுதலாம், மற்றொன்றில் படிக்கலாம். இடையில் ஒரு சிறிய தாங்ககம்; ஆறாம் பதிப்பில் அதன் அளவு 4,096 பைட். தாங்ககம் நிரம்பினால் எழுதும் நிரல் உறங்கும். காலியானால் படிக்கும் நிரல் உறங்கும். எழுதுபவர் முடித்துக்கொண்டு போனால் படிப்பவருக்குக் கோப்பு முடிந்த செய்தி கிடைக்கும். இரு நிரல்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடுவில் பெயர் வைத்து, இடம் ஒதுக்கி, பிறகு அழிக்க வேண்டிய கோப்பு எதுவும் இல்லை. ஜேசிஎல் அட்டைகளில் எழுதிய நிர்வாகக் காரியம் முழுவதும் இங்கே கெர்னலின் பொறுப்பாகிவிட்டது.

இதற்கு முன்னோடியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டார்ட்மவுத் கல்லூரியின் காலப்பகிர்வு அமைப்பில் இருந்த தொடர்புக் கோப்புகள் என்ற வசதி இதே வேலையைச் செய்யக்கூடியது என்பதை ரிச்சியே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கோடு வந்த விதம்

முதலில் | இல்லை. திசைதிருப்பலுக்கு வைத்திருந்த > குறியையே பைப்புக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி, பக்கம் பிரித்து, அச்சுப்பொறிக்கு அனுப்ப இப்படி எழுத வேண்டும்:

சார்ட் பட்டியல் >பிஆர்>ஓபிஆர்>

கடைசியில் நிற்கும் > விடுபட்டால் ஓபிஆர் என்ற கட்டளை ஓடாது. அந்தப் பெயரில் ஒரு கோப்பு உருவாகிவிடும். நடுவில் உள்ள கட்டளைக்கு ஏதேனும் விருப்பக்குறி கொடுக்க வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். < குறியாலும் அதே வேலையைத் தலைகீழாக எழுதலாம் என்பதால் ஒரே காரியத்துக்குப் பல எழுத்துமுறைகள் வேறு. லண்டனில் யூனிக்ஸ் பற்றி உரையாற்ற வேண்டியிருந்த தாம்சனுக்கு இந்த அலங்கோலத்தைச் சபையில் காட்ட மனம் வரவில்லை. பைப்புக்கென்றே தனிக்குறி ஒன்றை வகுத்தார். 1973 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பில் அதே வரி இப்படி ஆயிற்று:

சார்ட் பட்டியல் | பிஆர் | ஓபிஆர்

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதில் மாற்றம் இல்லை.

குறியைவிட முக்கியமான மாற்றம் நிரல்களில் நடந்தது. அதுவரை சார்ட் நிரலுக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தே ஆக வேண்டும். பெயரே இல்லாமல் வந்ததை வரிசைப்படுத்த யாரும் கேட்பார்கள் என்று ஒருவரும் நினைத்ததில்லை. இப்போது ஒவ்வொரு நிரலையும் திருத்தினார்கள்: பெயர் இல்லையா, உள்ளீட்டிலிருந்து படி. தேவையற்ற முகவுரை, முடிவுரைச் செய்திகளை அச்சிடாதே. அடுத்து நிற்பது மனிதராக இல்லாமல் இன்னொரு நிரலாக இருக்கலாம். இப்படிப்பட்ட நிரல்களுக்கு வடிகட்டி என்று பெயர் வந்தது. 1978-இல் பெல் சிஸ்டம் டெக்னிகல் ஜர்னல் யூனிக்ஸுக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் மெக்கில்ராயும் சகாக்களும் இதையே நெறியாக வகுத்தார்கள்: ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும், அதன் வெளியீடு இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும் என்று எதிர்பார்த்தே அதை எழுத வேண்டும்.

பிழைச் செய்திக்குத் தனி வழி

இந்த நெறியில் ஓர் ஓட்டை இருந்தது. கோப்பு கிடைக்கவில்லை என்றால் நிரல் அந்தச் செய்தியையும் எண் 1-இல்தான் எழுதியது. பைப்பில் அது அடுத்த நிரலுக்குள் தரவோடு தரவாகக் கலந்துவிடும். பெல் ஆய்வகத்தில் அப்போது ஓர் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் இருந்தது. ஒளிப்படத் தாளில் எழுத்துகளைப் பதித்து, ரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும். காத்திருந்து தாளை எடுத்துப் பார்த்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி அழகிய எழுத்துருவில் அச்சாகியிருந்த அனுபவம் தம் சகாக்கள் பலருக்கு ஏற்பட்டதாக ஸ்டீவ் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் பிறகு பிழைச் செய்திகளுக்கென்றே எண் 2 ஒதுக்கப்பட்டது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் அது இருக்கிறது.

ஆனால் அந்த 2-ஐத் திருப்பிவிட ஷெல்லில் நல்ல வழி இல்லை. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் பார்னின் ஷெல் அந்தக் குறையைத் தீர்த்தது. 2> என்று எழுதினால் பிழைச் செய்தி மட்டும் கோப்புக்குப் போகும். 2>&1 என்று எழுதினால், 1 இப்போது எங்கே போகிறதோ 2-உம் அங்கேயே போகும். இப்போது என்பது இங்கே முக்கியம். ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. >கோப்பு 2>&1 என்றால் இரண்டுமே கோப்புக்குப் போகும். 2>&1 >கோப்பு என்றால், 2 பழைய 1 இருந்த முனையத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்க, 1 மட்டும் கோப்புக்குப் போகும். கட்டளை வரியில் பலரைத் தடுமாற வைக்கும் இந்த விதி, எண்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகும் பழைய எளிய முறையிலிருந்து நேராக வருவதே.

ஆறு கட்டளைகள்

இந்த ஏற்பாட்டின் வலிமைக்குப் பெரும் சாட்சி 1986-இல் வந்தது. ஒரு சஞ்சிகைப் பத்தியில் ஜான் பென்ட்லி ஒரு கணக்கைக் கொடுத்தார்: ஒரு நீண்ட உரையில் அதிகம் வரும் சொற்களை, எண்ணிக்கையோடு, இறங்குவரிசையில் தர வேண்டும். கணினியியலின் மேதை டொனால்ட் க்நூத், தரவுக் கட்டமைப்பு ஒன்றைப் புதிதாக வகுத்து, பல பக்க நிரலாக அதை எழுதிக் கொடுத்தார். அதை மதிப்பிடும் பொறுப்பு மெக்கில்ராயிடம் வந்தது. க்நூத்தின் கைவண்ணத்தைப் பாராட்டிய அவர், பக்கத்திலேயே பைப்பால் கோத்த ஆறு கட்டளைகளை எழுதி வைத்தார். எழுத்தல்லாதவற்றைப் புதுவரியாக்கு, பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரியானவற்றை எண்ணு, எண்ணிக்கைப்படி மறுபடி வரிசைப்படுத்து, வேண்டிய வரையில் நிறுத்து. வேலை முடிந்தது. ஒரு துண்டும் அந்தக் கணக்குக்காகச் செய்யப்பட்டதில்லை. எல்லாம் முன்பே செய்து சோதித்து வைத்தவை. 1968-இல் கார்மிஷில் அவர் கேட்ட பாகங்கள் இவைதாம்.

தமிழ் உரைக்கும் இது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். முதல் கட்டளையில் மட்டும் மாற்றம் வேண்டும். ஆங்கில எழுத்தல்லாதவற்றை நீக்கு என்றால் தமிழ் முழுவதும் போய்விடும். இடைவெளிகளைப் புதுவரியாக்கு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பைட் பைட்டாகப் பார்க்கும் பழைய கருவியும் பிழையின்றி வேலை செய்கிறது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றில் எதுவும் இடைவெளிக்குரிய பைட்டாக இருக்காது. 1992-இல் அந்தக் குறிமுறையை ராப் பைக்கோடு சேர்ந்து இப்படி வடிவமைத்தவரும் இதே கென் தாம்சன்தான். பைட் வரிசைப்படி அடுக்கினால் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே வந்து நம் அகராதி வரிசை கலைந்துபோகும். ஆனால் ஒரே சொற்கள் அருகருகே வந்தால் போதும் என்பதால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

பைப்புக்கு எல்லைகள் உண்டு. அது ஒரே நேர்கோட்டில் ஓடுவது; கிளைகள் பிரித்து மறுபடி சேர்ப்பது அதில் எளிதல்ல. போவது வெறும் எழுத்தோட்டம் என்பதால், எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்பதை ஒவ்வொரு நிரலும் தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். 2006-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பவர்ஷெல் எழுத்துக்குப் பதிலாகப் பொருள்களையே அனுப்புவது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 இதே குறிகளை எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே ஓட்டக்கூடிய அந்த அமைப்பு, முதல் நிரலின் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் சேர்த்துவைத்துப் பிறகு இரண்டாவதை ஓட்டியது. குறியைக் கடன் வாங்குவது எளிது. கீழே கெர்னல் செய்த வேலையைக் கடன் வாங்க முடியாது.

மெக்கில்ராய் 1964-இலேயே எழுதியது சரியான யோசனை. ஆனால் எல்லாக் கருவிகளையும் வெறும் எண்ணாகப் பார்க்கும் நிரல்கள், ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையிலான இடைவெளி, பொதுவில் வைத்த இடக்குறிப்பு ஆகிய மூன்றும் அமைந்த பிறகே அது ஓர் இரவு வேலையாகச் சுருங்கியது. அந்த இரவின் பெருமை தாம்சனுக்கு உரியது. அதுவரை யோசனையை அணையாமல் காத்த பெருமை மெக்கில்ராய்க்கு உரியது. கட்டளை வரியில் பழகும் இளைஞர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் 0, 1, 2 என்ற மூன்று எண்களையும் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதும் சிறு நிரலும் உள்ளீட்டிலிருந்து படித்து, வெளியீட்டில் எழுதி, பிழையைத் தனியே சொல்லட்டும். அப்படி எழுதிய நிரல், நீங்கள் அறியாத ஒருவரின் வேலைக்கும் ஒரு துண்டாகப் பயன்படும்.

அடுத்த இதழில்: 1973-இல் யூனிக்ஸின் கெர்னல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்ட கதை.

(தொடரும்)